விவசாயி என்று யாரை எழுதினார்கள்? – ஏலமலையும் அரசுக் கடனும்



இரட்டைமலை சீனிவாசன் நினைவாகப் பேச வேண்டும் என்று அழைத்தபோது, விவசாயக் கடனைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். இலக்கிய மேடையில் கடனா என்று அமைப்பாளர்கள் சற்று யோசித்தார்கள். பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் உரிமை கேட்டுச் சென்னை சட்டமன்றத்தில் 1924இல் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். அரசாங்கக் கஜானாவும் ஒரு பொதுக் கிணறுதானே, அதில் யார் வாளி இறங்கியது, யார் கரையில் நின்றார்கள் என்று பார்ப்போமே என்றேன். ஒப்புக்கொண்டார்கள்.

நான் போடிநாயக்கனூர்ப் பக்கத்துக்காரன். என் அம்மா முப்பது வருடம் 'மலைக்குப் போனவர்'. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கி ஏறி, போடிமெட்டைக் கடந்து ஏலக்காட்டு வேலைக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்பி இறங்குவது. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து இன்றும் அப்படித்தான் போகிறார்கள். ஏறுகிறவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்களில் பெரும்பகுதி நம் காலனிகளைச் சேர்ந்தவர்கள். கொண்டை ஊசி வளைவில் ஜீப் கவிழ்ந்து செத்தவர்கள் எங்கள் ஊர்களில் ஒவ்வொரு தலைமுறையிலும் உண்டு.

1990களின் நடுவில் அம்மா ஒரு வங்கிக்குப் போனார். எந்த வங்கி என்பது இங்கே தேவையில்லை. அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடிக்கவும் ஒரு மாடு வாங்கவும் கடன் கேட்டார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூட இருந்தேன்.

"என்னம்மா வேலை பாக்குறீங்க?"

"வெவசாயந்தான் சார். ஏலக்காட்டுல."

"எத்தனை ஏக்கர்?"

"ஏக்கர் மொதலாளிக்கு சார். எனக்கு வேலைதான்."

"அப்ப கூலின்னு சொல்லுங்கம்மா. விவசாயின்னா பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் வேணும்."

அந்த அலுவலர் கடுமையாகப் பேசவில்லை. விதியைச் சொன்னார். அவர் சொன்ன விதி எங்கிருந்து வந்தது என்று தேடியதுதான் இன்றைய பேச்சு.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக் கிடந்தது. அதன் பின் வந்த பஞ்ச விசாரணைக் குழு, உழுகிறவனுக்கு அரசே கடன் தர வேண்டும் என்றது. 1883இல் நில அபிவிருத்திக் கடன் சட்டம், 1884இல் விவசாயிகள் கடன் சட்டம். ஊர்ப்புறத்தில் இரண்டுக்கும் சேர்த்து தக்காவி என்று பெயர். முதலாவது கிணறு வெட்ட, கரை கட்ட. இரண்டாவது விதைக்கும் மாட்டுக்கும் பஞ்ச நிவாரணத்துக்கும். யாருக்கு? சாகுபடி நிலத்தின் உடைமையாளருக்கும் அனுபவதாரருக்கும் என்று சட்டமே சொல்கிறது. பஞ்சத்தில் முதலில் செத்தவர்கள் நிலமில்லாத பண்ணையாட்கள். பஞ்சத்தைக் காரணம் காட்டி வந்த கடனோ நிலமுள்ளவருக்கு. நிலத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கும் வழக்கம் இங்கே அரசு வழக்கமாகிறது.

நிலமே இல்லாதவர்கள் நிலம் கேட்டபோது என்ன நடந்தது என்பதை 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதினார். தரிசுக்குத் தர்காஸ்து போட்ட பறையர்களை மிராசுதாரர்கள் முன்னுரிமை சொல்லி எப்படித் தடுத்தார்கள் என்பது அவர் அறிக்கையில் இருக்கிறது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை எப்படி மீறப்பட்டது என்பதும், அதைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள் என்பதும் இந்த அவைக்குத் தெரியும்.

அதிகம் பேசப்படாத ஒன்றைச் சேர்க்கிறேன். நிலம் கொடுத்தார்கள், ஏர், மாடு, விதை, கிணறு? புதிதாகக் கிடைத்த கல்லுத் தரிசை உழ முதல் எங்கே? அதற்கு நம் ஆட்கள் போய் நின்றது அதே மிராசுதார் வீட்டு வாசலில். கைநாட்டு வைத்த சீட்டு, சில வருடத்தில் நிலமும் போயிற்று. பஞ்சமி நிலம் பறிபோன கதையில் பாதி, கடன் கிடைக்காத கதை.

அதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர்தான் இரட்டைமலையார். மாகாணத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல் தொடங்கியதும் அந்த மாவட்டத்துத் திரூரில்தான். பெரிய வாக்குறுதியோடு வந்தது கூட்டுறவு. ஐம்பதாண்டு கழித்து, 1951–52இல் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு கணக்குப் பார்த்தது. விவசாயி வாங்கிய கடனில் கூட்டுறவு தந்தது 3.1 விழுக்காடு, அரசு தந்தது 3.3 விழுக்காடு. மிச்சம் பெரும்பாலும் வட்டிக்காரர். நிலமுள்ளவரின் கதியே இது.

நம்மவர்களுக்கு அரசு தந்த கடன் வேறு வகை. 1920க்குப் பிறகு லேபர் கமிஷனர் அலுவலகம் மூலமாக, கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தவணையில் திருப்பிக் கட்டும்படி, குடியிருப்பு மனை வாங்கக் கடன் தந்தார்கள். ஊர்க்காரருக்குக் கிணறு வெட்டக் கடன்; சேரிக்காரருக்குக் குடிசை போட மனைக் கடன். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. பண்ணையாரின் நிலத்தில் குடியிருந்தவர், 'இறங்கு' என்று சொன்னால் இறங்க வேண்டியவர், சொந்த மனைக்கு வந்தது சிறிய காரியம் இல்லை. ஆனால் அந்தக் கோப்புகளில் அவர் உழவர் என்று எழுதப்படவில்லை. லேபர் என்று எழுதப்பட்டார். நூறு வருடம் கழித்தும் அந்த எழுத்து மாறவில்லை.

இனி மலைக்கு வருவோம். ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிப்போன தமிழ்க் குடியானவர்கள் விளைவித்த காயை சர்க்காரிடமே ஒப்படைக்க வேண்டும். ஏகபோகம் 1896இல் ஒழிந்து நிலவரி வந்தது. 1897இல் ஏலமலைக் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. மரம் அரசுடையது, அடியில் ஏலம் போடுகிறவருக்குச் சாகுபடி உரிமை என்ற அந்த விசித்திர ஏற்பாட்டின் வழக்குகள் இன்னும் ஓயவில்லை. நான் கவனிப்பது வேறு. அந்த உரிமைப் பத்திரங்களில் யார் பெயர் ஏறியது? கீழே நிலமும் கையில் பணமும் இருந்தவர்கள் பெயர். செடி நட்டவர், கவாத்து பார்த்தவர், அட்டைக் கடியில் உட்கார்ந்து சரத்திலிருந்து காய் எடுத்தவர், மூட்டையைத் தலையில் வைத்து மெட்டு இறங்கியவர் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. மலையில் முன்பிருந்தே வாழ்ந்த முதுவர், பளியர், மன்னான் கதி இன்னும் மோசம். அது தனிச் சொற்பொழிவுக்கு உரியது. 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. தோட்டம் ஒரு மாநிலத்தில், தொழிலாளியின் ரேஷன் அட்டை இன்னொரு மாநிலத்தில் என்றாயிற்று.

மலை வேலைக்கு ஒரு நன்மையும் உண்டு. பள்ளத்தாக்கில் வயல் வேலை என்றால் உள்ளூர்ச் சாதி இந்துவின் முகத்தைப் பார்த்துத்தான் கூலி. மலைக்கூலி அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது. 1989 செப்டம்பரில் போடியிலும் சுற்று ஊர்களிலும் நடந்த சாதிக் கலவரத்தை ஆராய்கிறவர்கள் மேடைப் பேச்சுகளைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். கூலிக்காக உள்ளூரில் கைகட்டி நிற்கத் தேவையில்லாத ஒரு தலைமுறை வளர்ந்திருந்ததையும் அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

1965இல் நாடாளுமன்றம் ஏலக்காய்ச் சட்டம் இயற்றியது. 1966இல் ஏலக்காய் வாரியம் வந்தது, தலைமையகம் எர்ணாகுளத்தில். 1978இல் இடுக்கி மாவட்டம் மயிலாடும்பாறையில் ஆராய்ச்சி நிலையம். பிறகு 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏலக்காய் வாரியமும் நறுமணப் பொருள் ஏற்றுமதி வளர்ச்சிக் குழுவும் இணைந்து 1987 பிப்ரவரியில் இன்றைய நறுமணப் பொருள் வாரியம் ஆயிற்று. போடிக்காரர்களுக்கு ஸ்பைசஸ் போர்டு. வேளாண்மைத் துறையின் கீழ் இல்லை, வணிக அமைச்சகத்தின் கீழ். அதன் கண் கப்பலைப் பார்த்தே இருக்கும்.

வாரியம் வங்கி போலக் கடன் கொடுப்பதில்லை. மானியம் கொடுக்கும், அந்த மானியத்தை நம்பி வங்கி கடன் கொடுக்கும். மறுநடவுக்கு, நாற்றங்காலுக்கு, நீர்த்தொட்டிக்கு, பம்பு செட்டுக்கு, காய் உலர்த்தும் ஸ்டோரை மேம்படுத்த என்று பல தலைப்புகள். இதனால் பலன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1910களில் நம் மலைப் பயிர் குவாத்தமாலாவுக்குப் போய் அந்த நாடு உலகச் சந்தையையே பிடித்த பிறகு, இங்கே சிறு தோட்டக்காரர் தாக்குப்பிடித்ததற்கு வாரியத்தின் கை உண்டு. வாரியத்தின் விதிப்படி ஏலம் கூறுபவர் உரிமம் பெற்றே காயை விற்க வேண்டும். போடியிலும் புற்றடியிலும் கணினித் திரையில் விலை ஏறுவதைத் தோட்டக்காரர் கண்ணால் பார்க்கிறார். பழைய கமிஷன் மண்டியில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசிய காலத்தோடு ஒப்பிட்டால் அது முன்னேற்றமே.

கதவு எங்கே மூடுகிறது என்று பாருங்கள். விண்ணப்பத்தோடு ஏலக்காய்ப் பதிவுச் சான்று வைக்க வேண்டும். நிலத்தின் மேல் உரிமைப் பத்திரம் இருந்தால்தான் பதிவு. மறுநடவு மானியம் பல ஆண்டுகளாக 8 ஹெக்டேர் வரை உள்ள 'சிறு' தோட்டக்காரருக்கு என்று இருந்தது. 8 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 20 ஏக்கர். இதன் பக்கத்தில் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை வையுங்கள். 1981 திருத்தத்துக்குப் பிறகு அது பொருந்தியது 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் உள்ள இடத்துக்கு. ஏலத் தோட்டங்களில் மிகுதியானவை 5 ஹெக்டேருக்குக் கீழே. ஆக, மானியம் வாங்கும்போது அது தோட்டம். குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் என்று தொழிலாளி கேட்கும்போது அது தோட்டமே இல்லை. ஒரே வேலிக்குள் இரண்டு சட்டம். மருந்து அடிக்கிறவனுக்குக் கையுறை வாங்கித் தர வேண்டியவர் யார் என்று கேட்டால், இரண்டு சட்டத்துக்கும் நடுவில் கேள்வி விழுந்து போகிறது.

மாணவர்கள் 1986ஆம் ஆண்டு நறுமணப் பொருள் வாரியச் சட்டத்தைத் தேடிப் படியுங்கள். ஏலக்காய் தொடர்பாக வாரியம் செய்யக்கூடிய பணிகளின் பட்டியல் இருக்கிறது. விளைவிப்போர் கூட்டுறவு, நியாய விலை, சாகுபடிக்கு நிதியுதவி, மறுநடவு, விலை நிலைப்பாடு என்று வரிசையாக வரும். அந்த வரிசையில், தொழிலாளருக்கு மேலான வேலை நிலைமைகளையும் வசதிகளையும் ஊக்கங்களையும் உறுதிசெய்வது என்றும் ஒரு பணி எழுதியிருக்கிறது. சட்டத்திலேயே இருக்கிறது, தோழர்களே. நாம் புதிதாகக் கேட்கும் சலுகை அல்ல. வாரியத்தின் அமைப்பையும் அதே சட்டத்தில் பாருங்கள். ஏற்றுமதியாளருக்கு 10 இடம், விளைவிப்போருக்கு 6 இடம், தொழிலாளர் நலனுக்கு 1 இடம். அந்த ஒற்றை நாற்காலியில் மெட்டு ஏறும் ஒரு பெண் உட்கார்ந்தாரா என்று நான் விசாரித்தவரை யாரும் எனக்கு ஆம் என்று சொல்லவில்லை.

2018 பெருவெள்ளத்தில் ஏலச்செடி அழுகியது. மறு ஆண்டு காய் குறைந்து, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. பத்திரிகைகள் கொண்டாடின. ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ. என் அம்மா அப்போது வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். செய்தியைக் கேட்டுவிட்டு, "ஒரு நாளைக்கு நான் எடுத்த காய்க்கு இன்னைக்கு எம்புட்டு வரும்?" என்று கணக்குப் போடச் சொன்னார். போட்டுச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்த இடத்தில் ஓர் ஆவணத்தை உங்கள் முன் வைக்கிறேன். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையத்தின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 2007இல் ஒன்றிய அரசு தேசிய விவசாயிகள் கொள்கையை வெளியிட்டது. அதில் 'விவசாயி' யார் என்று விளக்கம் இருக்கிறது. நில உடைமையாளரோடு, குத்தகைதாரர், வாரதாரர், விவசாயக் கூலி, தோட்டத்தில் நடவு வேலை செய்யும் தொழிலாளி, ஆடுமாடு வளர்ப்பவர், காட்டுப் பொருள் சேகரிக்கும் பழங்குடி அத்தனை பேரும் அந்தச் சொல்லுக்குள் வருகிறார்கள். வங்கி வாசலில் என் அம்மா சொன்ன அதே பொருள். அம்மா சொல்லிப் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அரசாங்கமும் சொல்லியது.

சொல்லிவிட்டு என்ன செய்தது? 2019இல் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டம் வந்தது. தகுதி, நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பம். 2021இல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது, 16.43 லட்சம் விவசாயிகள் பயன்பெற்றார்கள். நல்லது, வரவேற்போம். ஆனால் பயிர்க்கடனே கிடைக்காதவருக்குத் தள்ளுபடி ஏது? காலனிப் பெண்கள் வாங்கியது குழுக்கடன், நுண்கடன், கங்காணியிடம் முன்பணம். அது எந்த அரசாணையிலும் தள்ளுபடி ஆகவில்லை. 2011 கணக்கெடுப்பில் இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடிப் பரப்பில் நம் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நிலத்தைப் பார்த்துப் போகிற பணம் இந்த அளவுக்கு மேல் நம்மிடம் வர வழியே இல்லை.

"பட்டியல் சாதி துணைத் திட்டம் இருக்கிறதே" என்று அலுவலர்கள் சொல்வார்கள். இருக்கிறது. வாரியத்தின் ஸ்பைஸ்டு திட்டம் 2025–26 வரைக்கும் 422.30 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் வந்தது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு முன்னுரிமை என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த முன்னுரிமை ஏலத் தோட்டம் உள்ள தலித்துக்கு. போடி மலையில் அப்படி எத்தனை பேரைக் கண்டுபிடிப்பீர்கள்? பந்தியில் முதல் இலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டு, மண்டப வாசலில் பட்டா கேட்பது போன்றது இது.

இதற்கு மாற்றாக நமக்கென்று தனியே ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். தாட்கோ. 1974இல் ஆதிதிராவிடர் வீட்டு வசதிக் கழகமாகத் தொடங்கியது. பிறகு மேம்பாடும் பெயரில் சேர்ந்தது. அதன் திட்டங்களில் நான் பெரிதாக மதிப்பது நிலம் வாங்கும் திட்டத்தைத்தான். காரணம், மற்றவை எல்லாம் நம்மைக் கூலியாகவோ சிறு வியாபாரியாகவோ எண்ணிக் கடன் தருகின்றன. இது ஒன்றுதான் பட்டாவையே கையில் தர முயல்கிறது. 2023–24இல் 'நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்' என்ற பெயரில் வந்திருக்கிறது. நிலமற்ற ஆதிதிராவிடப் பெண் விவசாயத் தொழிலாளி பெயரில் நிலம் பதிவாகும். இரண்டரை ஏக்கர் நன்செய் அல்லது ஐந்து ஏக்கர் புன்செய் வரை வாங்கலாம். சந்தை மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் கிடையாது. நிலத்தை ஆதிதிராவிடர் அல்லாதவரிடமிருந்து வாங்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை எனக்குப் பிடித்தது. நம் கையிலுள்ள நிலம் நமக்குள்ளேயே சுற்றாமல், வெளியிலிருந்து நமக்கு நிலம் வர வேண்டும் என்ற நினைப்பு அதில் இருக்கிறது.

சிக்கலும் அங்கேதான். நிலத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவர் அந்தப் பெண். காலனிக்காரிக்கு நிலம் விற்பதா என்று யோசிக்கிற ஊர்களில், தென்னையும் மாவும் நிற்கிற பள்ளத்தாக்கில், 5 லட்சம் மானியத்தை வைத்துக்கொண்டு எந்தக் கண்மாயின் கடைமடையை வாங்குவார்? தண்ணீர் இல்லாத, பாதை இல்லாத துண்டுதான் முதலில் விற்பனைக்கு வரும். விலையில் மிச்சப் பாதி கடன். நிலம் முதல் வருடமே பலன் தராது. தவணை முதல் வருடமே வரும். தவணை கட்ட அவர் மறுபடி ஜீப் ஏறுகிறார். 1892இல் பஞ்சமி நிலத்துக்கு நேர்ந்தது இதுவேதான். நிலம் ஒரு துறை, கிணறு ஒரு துறை, மின் இணைப்பு இன்னொன்று, பயிர்க்கடன் வேறொன்று. நான்கு வாசலிலும் தனித்தனியாக நின்று முடிப்பதற்குள் ஒரு வெள்ளாமை போய்விடும்.

அம்பேத்கர் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் இதை முன்கூட்டியே பார்த்திருந்தார். விவசாயத்தை அரசுத் தொழிலாக்கி, நிலத்தை சாதி பாராமல் கிராமத்தாருக்குக் கூட்டாகக் குத்தகைக்கு விட்டு, நீர், உழவு மாடு, கருவி, விதை, உரம் எல்லாவற்றுக்கும் அரசே முதல் போட வேண்டும் என்றார். பண்ணையாரும் இல்லை, குத்தகைதாரரும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை என்ற நிலை வேண்டும் என்பது அவர் திட்டம். அரசியல் நிர்ணய சபை அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நிலத்தையும் முதலையும் பிரித்துத் தந்தால் இரண்டும் நிற்காது என்ற அவர் கணக்கை எங்கள் ஊர்க் காலனியில் இன்றும் சரிபார்க்கலாம்.

இந்த அவையிலிருந்து என்ன செய்யலாம் என்று கேட்டால், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போடி, உத்தமபாளையம் தாலுகாக்களில் டி.சி. நிலம் என்று பதிவேட்டில் உள்ள சர்வே எண்கள் எவை, இன்று யார் அனுபவத்தில் இருக்கின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். நன்னிலம் திட்டத்தில் தேனி மாவட்டத்துக்கு எத்தனை விண்ணப்பம் வந்தன, எத்தனை கிரயமாகின, எத்தனைக்குக் கிணறும் மின் இணைப்பும் வந்தன என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். வாரியத்திடம், சட்டத்தில் எழுதியுள்ள தொழிலாளர் பணிக்கு ஆண்டுவாரியாக எவ்வளவு செலவானது என்று கேட்க வேண்டும். மாணவர்கள் ஐந்தாறு பேர் முன்வந்தால் விண்ணப்பம் எழுத நான் கூட உட்காருகிறேன். அதிகாலை நாலரைக்குப் போடியில் ஜீப் ஏறும் இடத்தில் நின்றால், பெயரும் ஊரும் சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்று வண்டி குறைவு.